அரைப்பேர்

பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
இது மலைக்கணக்கு.

என் மகனும் கொப்பியில்
அரைப்பேர்தான் போடுவான்.
லோகேந்திரன் என்பது
ஒரு நாள் லகந்தரன்,
ஒரு நாள் காலோ,
மழை நாளில் வெறும் 'ல',
அதுவும் 'வ' மாதிரி ஒன்று.

இப்போது ஐந்தாம் வகுப்பு.

பேரை வைத்தவள் நான்தான்.
அதில் இரண்டு கொம்பு இருப்பதை
அன்றைக்கு யார் பார்த்தது?
'கே'யில் கொம்பு முன்னால் நிற்கிறது,
சத்தம் பின்னால் வருகிறது.
"ஏம்மா, முதல்ல எழுதுறதக் கடைசில சொல்லணும்?"
ஒரு ராத்திரி கேட்டான்.
அகப்பையை ஓங்கினேன்.
அது சரியான கேள்வி என்று தெரிய
எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

அதுவரைக்கும் வல்லாரை.
ரோதைமுனிக்கு ஒரு சேவல்.
டியூஷன், மாதம் எண்ணூறு.
பிரம்படி, அது இலவசம்.

புதிதாக வந்த ஜெனோவா டீச்சர்தான் சொன்னாள்:
"இவன் சோம்பேறி இல்லக்கா.
வாசிச்சுக் காட்டினா எல்லாம் விளங்குது,
வாசிக்கச் சொன்னாத்தான் வேர்க்குது.
ஒருக்கா காட்டிட்டு வாங்க."
துண்டு ஒன்று எழுதித் தந்தாள்.
பனியில் நனையாமல் இருக்க
அதை ஷொப்பிங் பேக்கில் சுற்றி
நுவரெலியா பஸ்ஸில் ஏறினோம், விடிய முன்னம்.
அன்றைக்குப் பேர் இல்லை.

நம்பர் அறுபத்தொன்று.
டொக்டர் சிங்களத்தில் கேட்டார்,
தாள் சிங்களத்தில் இருந்தது,
லோகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"தமிழ் மிஸ் மூணாவது புதன்தான் வருவாங்க"
என்றாள் துடைப்பத்தோடு நின்ற பெண்.
மூன்றாவது புதனும் பேர் இல்லை.

அந்த மிஸ் அவசரப்படவில்லை.
"பட்டு, அதுல 'ப' எடுத்துட்டா என்ன மிச்சம்?"
மரத்துண்டுகள், படங்கள்,
நடுவில் ஒரு மாரி பிஸ்கட்.
கடைசியில் ஒரு சொல் சொன்னாள்,
டிஸ்லெக்சியா.
மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன்.
என் வாய்க்குள்ளும் எழுத்து இடம் மாறியது.
லோகு சிரித்தான்,
ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

மருந்து எத்தனை வேளை என்று கேட்டேன்.
மருந்து இல்லையாம்.
தினம் இருபது நிமிஷம்,
தட்டில் உப்பைப் பரப்பி
ஒரு சத்தம், விரலால் ஒரு எழுத்து.
பரீட்சைக்குக் கூட நேரம் கேட்க ஒரு கடிதம்.
மாதம் ஒரு புதன்.

'இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு
வேற ஒரு பெரிய திறமை இருக்குமாமே'
என்றார்கள் லயத்தில்.
இருக்கலாம்.
இப்போதைக்கு நன்றாகப் பொய் சொல்வான்.

ராத்திரி அவருக்கு எடுத்தேன்.
கொழும்பில் கடை மூடுகிற நேரம்.
கொத்துத் தகரச் சத்தத்துக்கு நடுவே
எல்லாம் கேட்டார்.
பிறகு சத்தம் குறைந்த இடத்துக்கு வந்து சொன்னார்:
"எனக்கும் அப்பிடித்தான் புள்ள.
எழுத்து நிக்காது."

பதினாலு வருஷம்.
என் மெசேஜ் ஒன்றுக்கும் பதில் எழுதாதவர்,
எப்போதும் வொய்ஸ் மட்டும் அனுப்புகிறவர்.
பேப்பரில் படம் பார்க்கிற ஆள் என்று நினைத்திருந்தேன்.
சோம்பேறி என்றும் சொல்லியிருக்கிறேன், ஆட்கள் முன்னால்.

அடுத்த ஞாயிறு ஒரு போட்டோ வந்தது.
எவர்சில்வர் தட்டு.
கடை உப்பு, கல் உப்பு.
அதில் தடித்த விரலால் எழுதிய ஒரு 'கே',
கொம்பு தப்பான பக்கத்தில்.

லோகு போனைப் பிடுங்கி
வொய்ஸ் பொத்தானை அமுக்கி
அப்பாவை ஏசத் தொடங்கினான்.